உயர்தர மாணவனை வேலைக்கு வைத்திருக்கிறீர்களா?

நோன்பு நெருங்கும்போது புடவைக் கடை வைத்திருக்கும் நம் எல்லோருக்கும் பழக்கமான ஒரு காட்சி உண்டு. பின்னேரம் சனம் குறைந்த நேரம் பார்த்து ஒரு தாய் கடைக்கு வருவார். அவருக்குப் பின்னால், பாடசாலை விட்டு வந்த மகன் தலையைக் குனிந்துகொண்டு நிற்பான். "ஹாஜியார், இவருக்கு ஏதாவது ஒரு வேலை போட்டுக் குடுங்க. ஏ.எல். படிக்கிறார். கிளாஸ் காசையாவது கட்டிக்கொள்ளலாம்" என்பார் அந்தத் தாய்.

நாம் அதிகம் யோசிப்பதில்லை. பெருநாள் வியாபாரத்துக்கு ஆள் தேவை. பையன் தெரிந்த குடும்பத்துப் பிள்ளை. எழுத வாசிக்கத் தெரியும், கணக்கும் தெரியும். "நாளையிலிருந்து வரச் சொல்லுங்க" என்று சொல்லிவிடுகிறோம். கஷ்டப்பட்ட குடும்பமொன்றுக்குக் கை கொடுத்தோம் என்ற திருப்தியும் நமக்கு வருகிறது.

இது உண்மையில் கை கொடுப்பதுதானா? நாம் ஒரு சரக்கை வாங்கும்போது வாங்கும் விலை, ஏற்றுக்கூலி, வட்டி, கழிவு எல்லாவற்றையும் போட்டுத்தான் லாபம் பார்க்கிறோம். உயர்தர வகுப்பின் கடைசி வருடத்தில் இருக்கும் பிள்ளையை வேலைக்கு எடுக்கும்போது மட்டும் சம்பளத்தை மாத்திரம் எழுதிவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுகிறோம். எழுதாமல் விட்ட செலவு பிள்ளையின் கணக்கில் ஏறுகிறது. இந்த வாரம் அந்தக் கணக்கைக் கொஞ்சம் விரித்துப் பார்ப்போம்.

என் கடையில் நடந்தது

மற்றவர்களின் கடையைச் சொல்ல முன் என் கடையைச் சொல்லிவிடுகிறேன்.

2013 ஆம் ஆண்டு. அந்த வருடம் உயர்தரப் பரீட்சை ஆகஸ்ட் முதல் வாரத்தில் தொடங்கியது. நோன்புப் பெருநாளும் அதே ஆகஸ்டின் இரண்டாம் வாரத்தில் வந்தது. அந்தக் காலத்துப் புடவை வியாபாரிகளுக்கு இது நினைவிருக்கும். பெருநாள் வியாபாரத்தின் உச்சமும் பிள்ளைகள் கடைசியாகப் படிக்க வேண்டிய வாரங்களும் ஒன்றாக வந்த வருடம் அது.

வர்த்தகப் பிரிவில் படித்த ஒரு பையன் அந்த மார்ச் மாதத்திலிருந்து என் கடையில் பின்னேரங்களில் நின்றார். கணக்கீட்டில் வகுப்பிலேயே முதலாவது என்று அவருடைய ஆசிரியர் பிறகு எனக்குச் சொன்னார். ஜூன் கடைசியில் அவர் என்னிடம் வந்து, "ஹாஜியார், நான் இனி நிற்கிறேனே, பரீட்சை வருது" என்றார். வேலையை நிறுத்திக்கொள்கிறேன் என்பதைத்தான் அப்படிச் சொன்னார். நான் என்ன சொன்னேன்? "பகலில் வர வேண்டாம் மகன். தராவீஹ் முடிந்த பிறகு மட்டும் வாங்க. பெருநாள் வரைக்கும் பார்த்துக்கொள்ளுங்க" என்றேன். சம்பளத்தையும் கூட்டினேன். பெருநாளுக்கு வீட்டில் எல்லோருக்கும் உடுப்பு எடுத்துக் கொடுத்தேன். வீட்டில் வாப்பா சுகமில்லாமல் இருந்தார். அந்தப் பிள்ளையால் மறுக்க முடியவில்லை. பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும் வரை இரவு 11 மணிக்கு என் ஷட்டரை இழுத்து மூடிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

மூன்று பாடங்களும் சித்தி. பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதவில்லை. இரண்டாம் தடவை எழுத விரும்பினார். வீட்டு நிலைமை விடவில்லை. நானே நிரந்தர வேலை கொடுத்தேன். இரண்டு வருடத்தில் கத்தாருக்குப் போய்விட்டார். விடுமுறையில் வந்தால் இன்றும் கடைக்கு வந்து ஸலாம் சொல்லிவிட்டுப் போகிறார். ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. எனக்கு அதுதான் பாரமாக இருக்கிறது.

என் கடையால் மட்டும்தான் அவருக்குப் புள்ளி குறைந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நாலு வாரங்களில் நான் அவரிடமிருந்து எடுத்த மணித்தியாலங்களை எந்த உடுப்புப் பார்சலாலும் திருப்பிக் கொடுக்க முடியாது என்பது எனக்குத் தெரியும்.

ஒரு வாரத்தில் 168 மணித்தியாலம்

பணத்தைக் கடன் வாங்கலாம். நேரத்தைக் கடன் வாங்க முடியாது. ஒரு வாரத்தில் எல்லோருக்கும் 168 மணித்தியாலம்தான். இறுதி வருட மாணவனின் ஐந்தொகையை எழுதிப் பாருங்கள்.

தூக்கம், நாளுக்கு 7 மணித்தியாலம் வீதம் 49. பாடசாலை 30. பாடசாலைக்கும் வகுப்புக்கும் போய்வர 10. மூன்று பாடங்களுக்கும் டியூஷன், பாடமொன்றுக்கு 4 வீதம் 12. வீட்டில் இருந்து தனியாகப் படிக்க 24. சாப்பாடு, குளிப்பு, தொழுகை, வீட்டுக்குக் கடை கண்ணிக்குப் போவது என்று நாளுக்கு 3 வீதம் 21. கூட்டினால் 146. மிச்சம் 22 மணித்தியாலம்.

இந்த 22 இல்தான் காய்ச்சல் வரும், கலியாண வீடு வரும், மையித்து வீடு வரும், பஸ் பிந்தும், ஒரு நண்பனோடு அரை மணித்தியாலம் சிரித்துப் பேசவும் வேண்டும். ஆகவே கடை கேட்கக் கூடியது அதில் பாதி. வாரத்துக்கு 10, மிஞ்சிப் போனால் 11 மணித்தியாலம். அதற்கு மேல் நாம் எடுக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் தூக்கத்திலிருந்தோ தனிப் படிப்பிலிருந்தோதான் வருகிறது. பாடசாலை மணி அடிக்கும், டியூஷன் மாஸ்டர் காசு கேட்பார், கடை முதலாளி ஆள் அனுப்புவார். தனியாகப் படிக்கும் 24 மணித்தியாலத்துக்கு மட்டும் கேட்க ஆளில்லை. முதலில் களவு போவது அதுதான்.

பாடசாலை மாணவர்கள் வேலை செய்வது சாதாரணமாக இருக்கும் அமெரிக்காவிலேயே இதை ஆராய்ந்திருக்கிறார்கள். 1998 இல் அங்குள்ள தேசிய ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட அறிக்கை, வாரத்துக்கு 20 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்யும் மாணவர்களிடம் படிப்பும் தூக்கமும் பாதிக்கப்படுவதை எடுத்துக் காட்டியது. அந்தப் பிள்ளைகளுக்கு நம் பிள்ளைகளைப் போல மூன்று பாடங்களுக்கும் பின்னேர வகுப்பு, சனி ஞாயிறு வகுப்பு என்ற ஓட்டம் இல்லை. ஆகவே 20 என்பதை நம் அளவாக எடுக்க முடியாது. 10 தான் நமக்குச் சரியான அளவு.

இன்னொரு வேடிக்கையும் நடக்கிறது. கிளாஸ் காசு கட்டத்தான் பிள்ளை வேலைக்கு வருகிறான். இரண்டு மாதம் போனதும், கடையில் சனம் என்று கிளாஸை விடத் தொடங்குகிறான். காசு கட்டப்படுகிறது, கதிரை வெறுமையாக இருக்கிறது. எதற்காக வேலைக்கு வந்தானோ அதையே வேலை சாப்பிட்டுவிடுகிறது.

அந்த ஒரு வருடத்தின் விலை

"தவறினால் அடுத்த வருடம் எழுதட்டும்" என்று நம்மில் பலர் லேசாகச் சொல்கிறோம். பரீட்சையின் ஒழுங்கைத் தெரிந்தவர் அப்படிச் சொல்ல மாட்டார்.

பல்கலைக்கழக அனுமதி வெறும் சித்தியை வைத்து நடப்பதில்லை. இஸட் புள்ளியை வைத்துத்தான் நடக்கிறது. அந்தப் புள்ளி நான்கு தசம தானங்கள் வரை கணிக்கப்படுகிறது. பெரும்பாலான கற்கை நெறிகளுக்கு 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் பிரிக்கப்படுகின்றன. அதாவது உங்கள் கடையில் நிற்கும் பையன் தன் மாவட்டத்துப் பிள்ளைகளோடும் முழு இலங்கையோடும் போட்டி போடுகிறான். வெட்டுப்புள்ளிக்கு மேலே நிற்பவனுக்கும் கீழே நிற்பவனுக்கும் இடையில் ஒரு வினாத்தாளில் ஒரு கேள்வியின் வித்தியாசம்கூட இருக்கலாம். நம் சரக்கில் ஒரு கஜம் குறைந்தால் வாடிக்கையாளரிடம் சமாளித்துவிடலாம். இங்கே சமாளிப்பு இல்லை.

பரீட்சைக்கு மூன்று தடவை தோற்றலாம் என்பது உண்மைதான். ஆனால் இரண்டாம் தடவை எழுதுவதற்கு இன்னொரு வருடம் வீட்டில் சாப்பாடு போட வேண்டும், வகுப்புக் காசு கட்ட வேண்டும். காசில்லாமல் வேலைக்கு வந்த பிள்ளைக்கு அந்த இரண்டாம் தடவை பெரும்பாலும் கிடைப்பதில்லை. வசதியுள்ள பிள்ளைக்கு மூன்று சந்தர்ப்பம், வசதியில்லாத பிள்ளைக்கு ஒரே சந்தர்ப்பம் என்பதுதான் நடைமுறை.

வரவையும் மறந்துவிடக் கூடாது. பாடசாலைப் பரீட்சார்த்தியாகத் தோற்றுவதற்கு 80 வீத வரவு வேண்டும் என்பது விதி. "இன்றைக்கு மட்டும் ஸ்கூலுக்குப் போகாதே, கொள்கலன் வருகிறது, சரக்கு இறக்க வேண்டும்" என்று நாம் சொல்லும் ஒவ்வொரு நாளும் அந்த 20 வீதத்திலிருந்துதான் கழிகிறது.

அப்படியானால் வேலையே கொடுக்கக் கூடாதா?

அதை நான் சொல்லவில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதத்துக்குப் போனபோது எத்தனை வீடுகளில் வருமானம் அப்படியே நிற்க, செலவு மட்டும் ஏறியது என்பதைக் கடனுக்குச் சாமான் கொடுத்த நம்மைவிட யாரும் அறிய மாட்டார்கள். பிறகு பணவீக்கம் இறங்கியது. ஏறிய விலைகள் பழைய இடத்துக்குத் திரும்பி வரவில்லை. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு "படி மகன், வேலை வேண்டாம்" என்று உபதேசம் மட்டும் சொல்லி அனுப்பினால் அவன் படிப்பையே விட்டுவிட்டு வேறு எங்காவது முழுநேர வேலைக்குப் போய்விடுவான். சாதாரண தரத்தோடு ஆண் பிள்ளைகளைக் கடைக்குள் இழுத்துக்கொள்ளும் பழக்கம் நம் சமூகத்தில் ஏற்கனவே உண்டு. உயர்தரம் வரை வந்த பிள்ளையை அங்கே நிறுத்திவைப்பதே பெரிய காரியம்.

அளவான வேலை பிள்ளையைக் கெடுக்காது. நேரத்துக்கு வரப் பழக்கும். மனிதரோடு பேசப் பழக்கும். காசின் அருமையைக் கற்பிக்கும். வர்த்தகப் பிரிவு மாணவனுக்குக் கடை ஒரு இரண்டாம் வகுப்பறை. அவன் கொப்பியில் எழுதும் பேரேடும் பரீட்சை மீதியும் வங்கிக் கணக்கிணக்கக் கூற்றும் நம் மேசையில் கிடக்கின்றன. திரும்பி வந்த காசோலையை, பழுதான இருப்பை, கொடுகடன் வாங்கிய வாடிக்கையாளரைக் கண்ணால் பார்த்தவனுக்கு அந்தப் பாடம் மறக்காது. ஆனால் நாம் அந்தப் பிள்ளைக்குக் கொடுக்கும் வேலை என்ன? துணிக் கட்டைத் தூக்கு, தேத்தண்ணி வாங்கி வா, வாசலில் நின்று ஆள் கூப்பிடு. படித்த பிள்ளை என்று எடுத்துவிட்டுப் படிப்பை ஒரு சதத்துக்கும் பயன்படுத்துவதில்லை.

வாரத்தில் இரண்டு பின்னேரம் பில்களைச் சரிபார்த்துக் கணினியில் ஏற்றுவது, சனிக்கிழமை இருப்பை எண்ணிப் பதிவது, வங்கிக் கூற்றையும் நம் காசுப் புத்தகத்தையும் ஒப்பிடுவது, கடையின் முகநூல் பக்கத்தில் புதிய சரக்கைப் போட்டு விசாரணைகளுக்குப் பதில் எழுதுவது ஆகியவற்றைக் கொடுங்கள். இவை உட்கார்ந்து செய்யக் கூடிய, நேரம் குறிக்கக் கூடிய வேலைகள். நமக்கும் இவைதான் எப்போதும் பிந்திக் கிடக்கும் வேலைகள். பெண் பிள்ளைகளுக்கும் இதே வேலைகள் பொருந்தும். ஆனால் வெளிச்சம் இருக்கும்போதே வீடு போய்ச் சேரும்படி நேரத்தை அமைக்க வேண்டும். விஞ்ஞானம், கணிதம் படிக்கும் பிள்ளைகளுக்கு வகுப்பும் செய்முறையும் அதிகம். அவர்களை விடுமுறை நாட்களுக்கு மட்டும் எடுப்பது நல்லது.

சட்டம் சொல்வது

"நம்ம ஊர்ப் பிள்ளைதானே, சட்டம் எதற்கு?" என்று கேட்பவர்கள் தொழில் திணைக்கள அதிகாரி கடைக்கு வரும் நாளில்தான் விழிக்கிறார்கள்.

ஒன்று, வயது. கட்டாயக் கல்வி வயது 2016 இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. வேலைக்கு அமர்த்தக் கூடிய குறைந்த வயதும் 2021 இல் 14 இலிருந்து 16 ஆக்கப்பட்டது. உயர்தர மாணவன் சாதாரணமாக இந்த எல்லையைத் தாண்டியவன்தான். ஆனாலும் அடையாள அட்டையைப் பார்த்துப் பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு, 18 வயது. 16 நிறைந்து 18 நிறையாதவர் சட்டத்தின் பார்வையில் இளம் ஆள். அவரை ஆபத்தான தொழில்களில் அமர்த்தக் கூடாது. பாரம் தூக்குவது, ஆபத்தான இயந்திரத்தில் நிற்பது போன்றவை நம் கடைகளிலும் களஞ்சியங்களிலும் நடக்கும் விடயங்கள். இரவு வேலைக்கும் கட்டுப்பாடு உண்டு. என் கடையில் மஃரிப் பாங்குக்கு முன் மாணவன் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்பது சட்டம். நோன்பு காலத்திலும் அதற்கு விதிவிலக்கு இல்லை.

மூன்று, எழுத்து. 1954 ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின்படி ஊழியருக்கு வேலை நிபந்தனைகளை எழுத்தில் கொடுக்க வேண்டும். ஒரு பக்கக் கடிதம் போதும். நாள், நேரம், சம்பளம், விடுமுறை, வேலை நிற்கும் திகதி. பெற்றோரின் கையெழுத்தையும் வாங்கிவிடுங்கள். எழுத்தில் இருந்தால் நமக்கே நாம் கட்டுப்படுவோம். அவசரத்தில் "இன்று மட்டும்" என்று கேட்க வாய் வராது.

நான்கு, சேமலாப நிதி. தற்காலிக வேலை, பகுதிநேர வேலை என்று சொல்லி ஊழியர் சேமலாப நிதியிலிருந்து தப்ப முடியாது. ஊழியரின் பங்கு 8 வீதம், நம் பங்கு 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு நம் பங்கு 3 வீதம். 17 வயதில் தன் பெயரில் ஒரு சேமலாபக் கணக்குத் தொடங்குவது அந்தப் பிள்ளைக்கும் நல்லதுதான்.

சம்பளக் கணக்கு

தேசியக் குறைந்தபட்சச் சம்பளம் 2026 ஜனவரியிலிருந்து மாதத்துக்கு 30,000 ரூபா, நாளுக்கு 1,200 ரூபா. எட்டு மணித்தியாலத்தால் பிரித்தால் மணித்தியாலத்துக்கு 150 ரூபா. இது கடைசிப் படி. கணக்குத் தெரிந்த பிள்ளைக்கு இதைக் கொடுத்துவிட்டு உதவி செய்தோம் என்று சொல்வது அழகில்லை.

மணித்தியாலத்துக்கு 250 ரூபா கொடுக்கிறீர்கள் என்று வைப்போம். வாரம் 10, நாலு வாரத்துக்கு 40 மணித்தியாலம்; சம்பளம் 10,000 ரூபா. அதில் 8 வீதமான 800 ரூபாவைச் சேமலாப நிதிக்குக் கழித்தால் பிள்ளையின் கையில் 9,200 ரூபா. நீங்கள் மேலதிகமாகப் போடுவது சேமலாப நிதிக்கு 1,200, நம்பிக்கை நிதியத்துக்கு 300. ஆக உங்கள் முழுச் செலவு மாதம் 11,500 ரூபா. இதைவிடக் கூடிய தொகையை ஒரு கொடுகடன்காரர் நம்மைச் சுற்றவிட்டுக் கெடுத்துவிட்டுப் போகிறார், நாம் தாங்கிக்கொள்கிறோம்.

சம்பளத்தை மாதக் கடைசியில் குறித்த நாளில் கொடுங்கள். டியூஷன் கட்டணம் திகதி பார்த்து வருவது. ஸகாத் விடயத்திலும் ஒரு கவனம் வேண்டும். செய்த வேலைக்குக் கொடுக்கும் கூலியை ஸகாத் கணக்கில் எழுத முடியாது. கூலி அவனுடைய உரிமை. அந்தக் குடும்பம் ஸகாத்துக்கும் தகுதியானது என்றால் அதை வேறாகக் கொடுங்கள்.

பரீட்சைக்கு முந்திய மூன்று மாதம்

என் அனுபவத்தில் இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது வேலை முழுதாக நிற்க வேண்டும். "கொஞ்சம் குறைப்போம்" என்பது சரிவராது. குறைத்தது பெருநாள் வந்தால் கூடிவிடும் என்பதை நானே காட்டிவிட்டேன்.

ஆனால் வேலை நின்றால் கிளாஸ் காசும் நின்றுவிடுமே? இங்கேதான் முதலாளியின் மனது தெரியும். அந்த மூன்று மாதத்துக்கும் 10,000 ரூபா வீதம் கொடுத்துவிடுங்கள். மொத்தம் 30,000 ரூபா. ஒரு முழுநேர ஊழியரின் ஒரு மாதக் குறைந்தபட்சச் சம்பளம் அவ்வளவுதான். கடைக்குப் பெயர்ப் பலகை மாற்றவும் கலண்டர் அடிக்கவும் இதைவிடக் கூடுதலாகச் செலவழிக்கிறோம். ஒரே கடைக்கு இது கஷ்டம் என்றால் பக்கத்துக் கடைக்காரர் இரண்டு பேரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு மாதம் 3,400 ரூபாகூட வராது.

வர்த்தகத்தின் காசு படிப்புக்குப் போவது நாட்டில் புதிய விடயமல்ல. 1981 இல் சட்டமாக்கப்பட்ட மஹாபொல புலமைப்பரிசில் நிதியத்தைத் தொடங்கியவர் அப்போது வர்த்தக அமைச்சராக இருந்த லலித் அத்துலத்முதலி. ஊர் ஊராக நடந்த மஹாபொல வர்த்தகக் கண்காட்சிகள் நம் மூத்த வியாபாரிகளுக்கு நினைவிருக்கும். நாம் அதை ஒரு கடை அளவில், ஒரு பிள்ளை அளவில் செய்கிறோம்.

முழுநேர ஆள் வேண்டுமா? அதற்கும் காலம் இருக்கிறது

பருவகால வியாபாரத்துக்கு ஆள் கட்டாயம் தேவை என்பவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். பரீட்சை எழுதப் போகிற பிள்ளையை விட்டுவிட்டு, எழுதி முடித்த பிள்ளையைத் தேடுங்கள்.

2024 ஆம் ஆண்டின் உயர்தரப் பரீட்சை 2024 டிசம்பர் 31 இல் முடிந்தது. பெறுபேறு 2025 ஏப்ரல் 26 இல் வந்தது. நோன்புப் பெருநாள் 2025 மார்ச் 31. ஆகவே அந்தப் பெருநாள் வியாபாரத்தின்போது பரீட்சை எழுதிய பிள்ளைகள் பெறுபேற்றைப் பார்த்துக்கொண்டு நாலு மாதம் வீட்டில் இருந்தார்கள். பல்கலைக்கழகம் கிடைத்தவர்களும் உள்ளே போக இன்னும் பல மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. அதே பருவத்தில் நம்மில் எத்தனை கடைகளில் அந்த வருடம் பரீட்சை எழுதவிருந்த பிள்ளைகள் நின்றார்கள்? நாம் பிழையான வரிசையில் ஆள் எடுத்துவிட்டோம். பாடசாலை அதிபரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் பரீட்சை முடித்த பிள்ளைகளின் பெயரை அவரே தருவார்.

படிப்பும் வேலையும் சேர்ந்தே போக வேண்டும் என்ற நிலையில் உள்ள பிள்ளைகளுக்கு அரசாங்கமே அமைத்த பாதையும் உண்டு. 2017 இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டத்தில், சாதாரண தரத்தில் சித்தியடையாத பிள்ளையும் தொழில் பிரிவில் தரம் 12, 13 படிக்கலாம். தொழிற் பயிற்சி அதன் ஒரு பகுதி. முடிவில் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் பெற வழி இருக்கிறது. நைற்றா நிறுவனத்தின் தொழிற் பயிலுநர் முறையும் இருக்கிறது. அந்தப் பாதையில் வேலை பாடத்தின் பகுதி; மூன்று பாட உயர்தரத்தில் வேலை பாடத்துக்குப் போட்டி. இரண்டையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது.

நம் சொந்தப் பிள்ளைகள்

இவ்வளவும் சொல்லிவிட்டு நம் வீட்டுப் பிள்ளைகளைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு நேரம் குறித்து, சம்பளம் குறித்து, கடிதம் கொடுத்துவிடுவோம். நம் மகனுக்கு நேரமும் இல்லை, சம்பளமும் இல்லை. "கடை நமக்குத்தானே, வந்து லாச்சியில் கொஞ்சம் இரு" என்று கூப்பிடுகிறோம். கொஞ்சம் என்றது இஷாவரை போகும். அவன் கிளாஸ் விட்டது நமக்குத் தெரியவும் மாட்டாது. கடை அவனுக்குப் போய்ச் சேரும் என்பது உண்மை. ஆனால் வரிக் கணக்கும், வங்கியும், இறக்குமதிப் பத்திரமும், இணைய வியாபாரமும் சேர்ந்த இன்றைய கடையை, நம் காலத்துப் படிப்போடு அவன் நடத்த முடியாது. அவனுக்கும் அதே 10 மணித்தியாலம், அதே மூன்று மாத விடுமுறை. சம்பளமும் கொடுங்கள். தன் உழைப்புக்கு விலை உண்டு என்பதை அவன் வாப்பாவின் கடையில்தான் முதலில் கற்க வேண்டும்.

சுருக்கமாகச் சொன்னால்

1. வாரத்துக்கு 10 மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம். என் கடையில் செவ்வாய், வியாழன் பின்னேரம் 3 மணியிலிருந்து 5.30 வரை, சனிக்கிழமை காலை 8.30 இலிருந்து பகல் 1.30 வரை.

2. பாடசாலை நாளில் பாடசாலை நேரத்துக்கு ஆள் அனுப்பாதீர்கள்.

3. வகுப்பு அட்டவணையை முதலில் வாங்கி, அதற்குப் பிறகு வேலை நேரத்தைப் போடுங்கள்.

4. நிபந்தனைகளை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வேலை நிற்கும் திகதியையும் அதிலேயே எழுதுங்கள்.

5. சேமலாப நிதி, நம்பிக்கை நிதியம் இரண்டையும் கட்டுங்கள்.

6. ஒவ்வொரு தவணைப் பரீட்சை முடிவையும் பாருங்கள். புள்ளி இறங்கினால் பிள்ளையை ஏசாமல் நேரத்தைக் குறையுங்கள்.

7. பரீட்சைக்கு மூன்று மாதம் முன்பு வேலையை நிறுத்துங்கள், காசை நிறுத்தாதீர்கள்.

இந்த ஒழுங்கை நான் தொடங்கிய பிறகு என் கடையில் மூன்று பிள்ளைகள் இப்படி நின்றிருக்கிறார்கள். ஒருவர் முகாமைத்துவ பீடத்துக்குப் போனார். ஒருவர் கணக்காய்வு நிறுவனம் ஒன்றில் பயிலுநராகச் சேர்ந்தார். மூன்றாமவருக்குப் புள்ளி போதவில்லை, ஆனால் இரண்டாம் தடவை எழுதுகிறார். இந்த முறை வேலை கேட்டு வந்தபோது கடிதத்தை அவரே வாசித்து, "ஹாஜியார், நிற்கிற திகதியப் போட மறந்துட்டீங்க" என்றார். போட்டுக் கொடுத்தேன்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த முறை ஒரு தாய் மகனோடு உங்கள் கடைப் படி ஏறும்போது "நாளையிலிருந்து வரச் சொல்லுங்க" என்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "மகன், பரீட்சை எந்த மாதம்?" மிச்சக் கணக்கை அங்கிருந்து பின்னோக்கிப் போடுங்கள்.